கொலையாளியின் பெயரை மைக்கில் சொன்ன நாள்

விளம்பரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னைக் கூப்பிட்டு, புத்தக வெளியீட்டு விழாவில் என்னென்ன தவறுகள் நடக்கக்கூடும் என்று ஒரு பட்டியல் கேட்டார். பட்டியல் போட்டால் பாதிக்கு மேல் நான் செய்ததாகவே இருக்கும். எதற்கு வம்பு. ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் கொடைக்கானலில் நான் செய்த ஒரே ஒரு தவறை மட்டும் சொல்கிறேன். அதைச் சரிசெய்தது நானில்லை, ஓர் எழுத்தாளர். துப்பறியும் நாவல்களை விற்றுக்கொண்டே காலத்தைக் கழித்தவன் நான். எத்தனையோ எழுத்தாளர்களோடு மேடை ஏறி இறங்கியிருக்கிறேன். கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது அவர் ஒருவரைத்தான்.

பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. மேடம் என்றே சொல்கிறேன். நேரிலும் அப்படித்தான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது இளையவர். கிளாவரை என்கிற மலைக்கிராமத்தில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற குடும்பம். அவருக்குக் கொடைக்கானலில் ஒரு ஹோட்டல் வரவேற்பில் வேலை. விடியுமுன் எழுந்து எழுதிவிட்டு, எட்டு மணிக்கு டூரிஸ்டுகளுக்குச் சாவி எடுத்துக் கொடுக்கப் போய்விடுவார். "கொலைய வெள்ளனே எழுதிப்புடணும்ணே. சோலிக்குப் போயிட்டா ரூம்ல சுடுதண்ணி வரலைங்குற பஞ்சாயத்துதான் மண்டைக்குள்ள ஓடும்" என்பார்.

அவருடைய முதல் நாவல் சுமாராகப் போனது. இரண்டாவது கவிழ்ந்தது. கடைகளுக்கு அனுப்பிய கட்டுகளில் பாதி, கட்டிய கயிறு கூட அவிழ்க்கப்படாமல் திண்டுக்கல்லில் நம் குடோனுக்கே திரும்பி வந்தன. நம் தொழிலில் அதைவிட அவமானம் எழுத்தாளருக்கு வேறு இல்லை. மூன்றாவது நாவல் அச்சுக்குப் போனபோது முதலாளி என்னை அறைக்குள் கூப்பிட்டார். "இதுவும் கட்டுக் கட்டாத் திரும்பி வந்துச்சுன்னா, அவங்களுக்கு நம்மகிட்ட நாலாவது கெடையாதுங்க. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க" என்றார்.

பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது, ஆபீசில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். போனில் அப்படியே சொல்லிவிட்டேன்.  "நாலாவதுல மூணு அத்தியாயம் எழுதிட்டேன்ணே. நிப்பாட்டிரவா?" என்று மேடம் கேட்டார். "நிப்பாட்டாதீங்க மேடம், நான் இருக்கேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

இந்த இடத்தில் நம் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். நம் ஊரில் ஒரு புத்தகத்தை மேடையில் பாராட்டுவது என்றால், கதையை ஆதியோடந்தமாகச் சொல்வது. வேறு நாவல்களுக்கு அதனால் பெரிய சேதாரம் இல்லை. துப்பறியும் நாவலுக்கு அது தூக்குக்கயிறு. அதனால்தான் விழாவில் பேசுகிறவர்களுக்கு நாங்கள் முழுப் புத்தகம் தரமாட்டோம். கடைசி இரண்டு அத்தியாயங்கள் இல்லாமல் தனியாகக் கட்டிய பிரதிதான் போகும். பழனி பக்கத்தில் தொழில் செய்கிறவர்கள் அதற்கு என்ன பெயர் வைப்பார்கள்? மொட்டைப் பிரதி என்போம். முடிவு தெரியாதவரால் முடிவைச் சொல்ல முடியாது. அவ்வளவுதான் தந்திரம்.

சிறப்புரைக்கு நான் பிடித்திருந்தது கொடைக்கானல் பஜாரில் தைலமும் கம்பளியும் மசாலாச் சாமானும் விற்கிற பாயை. எழுபது வயது, வியாபாரிகள் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். துப்பறியும் நாவல் என்றால் உயிர். கடை வாசலில் ஒரு சின்ன மேசை போட்டு அதில் எங்கள் புத்தகங்களை அடுக்கியிருப்பார். அவர் "நல்லாருக்கு" என்று ஒரு வார்த்தை சொன்னால், தைலம் வாங்க வந்தவர் புத்தகத்தோடு போவார். மலையில் எங்களுக்கு அவரைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது.

மொட்டைப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டே நாளில் போன் வந்தது. "என்ன தம்பி, பந்தியில உக்கார வச்சு இலைய உருவுனாப்புல இருக்கு. மிச்சம் எங்க?" என்றார். வழக்கத்தை விளக்கினேன். மனசு நொந்துபோனார். "இத்தனை வருசமா உங்க புத்தகத்த வித்துக் குடுக்குறேன். என் மேல நம்பிக்கை இல்லையா? அரைகுறையாப் படிச்சுட்டு நான் மேடை ஏற மாட்டேன்" என்றார். விழாவுக்கு நாலு நாள்தான் இருந்தது. அவர் வராவிட்டால் கூட்டமே வராது. அந்த அவசரத்தில், யாரிடமும் கேட்காமல், முழுப் பிரதியை பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். யாரிடமும் சொல்லவும் இல்லை.

நாவலின் கதை இதுதான். ஆடலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் முதலாளி கொலையாகிக் கிடக்கிறார். விசாரிக்க வரும் இன்ஸ்பெக்டருக்கு ஸ்டேஷன் ஜீப் பழுது. அதனால் துரைப்பாண்டி என்கிற உள்ளூர்க்காரனின் ஜீப்பை வாடகைக்கு எடுக்கிறார். ஒவ்வொரு அத்தியாயத்திலும் துரைப்பாண்டிதான் அவரை மலை ஏற்றி இறக்குகிறான், டீ வாங்கித் தருகிறான், பேச்சுத் துணைக்கு இருக்கிறான். கொன்றவன் அவன்தான். கடைசி இரண்டு அத்தியாயம் வரை வாசகருக்குத் துளி சந்தேகம் வராது.

விழா வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில், மதியம் மூன்று மணிக்கு. கிளாவரையிலிருந்து வந்த மேடத்தின் சொந்தக்காரர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமே, அதனால் அந்த நேரம். வெளியே பஞ்சு மாதிரி மேகம் இறங்கியிருந்தது. ஆனாலும் நாற்காலி எல்லாம் நிறைந்துவிட்டது. வர முடியாதவர்கள் பார்ப்பதற்காக, ஸ்டாண்டில் என் போனை வைத்து நேரலை போட்டிருந்தேன். முன்பதிவு செய்த வாசகர்களில் பெரும்பாலானோர் அதில் இருந்தார்கள். என்னுடைய ஏற்பாடுகளைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாய் மைக்கைப் பிடித்தார். மலையைப் பற்றிப் பேசினார், காபியைப் பற்றிப் பேசினார். பிறகு குரல் இறங்கியது. "எஸ்டேட் முதலாளியக் கொன்னது யாருன்னு கேட்டீங்கன்னா" என்று ஆரம்பித்ததும் நான் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். எழுந்து நிற்பதற்குள் சொல்லிவிட்டார். "அந்த ஜீப் டிரைவர் துரைப்பாண்டிதாங்க. ஆனா அவன் செஞ்சதுல என்ன தப்பு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயர் ஒயரைப் பிடுங்கினேன். கரண்டு போனது போல மேலே விளக்கைப் பார்த்து உச்சுக் கொட்டினேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பாய் நிறுத்தவில்லை. பஜாரில் கூவிக் கூவி வளர்ந்த குரல், அதற்கு மைக் எதற்கு? "பெத்த பிள்ளை மூச்சுத் திணறிக்கிட்டுக் கெடக்கு. அப்ப அவன் எஸ்டேட் வண்டிதான் ஓட்டுறான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், ஜீப்பக் குடுங்கன்னு கையெடுத்துக் கும்புடுறான். காபி மூட்டை ஏத்தணும்னு அந்த மனுசன் குடுக்கலைங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு மலை இறங்குறான். பாதி வழியிலயே..." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். அத்தனை பேர் முன்னால், சங்கத் தலைவராக இருக்கிற மனிதர், தோள் துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

மேடையிலிருந்த மேடம் என்னைப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "அண்ணே, அந்த ஒயர மாட்டுங்க. பாய் பேசுறது பின்னால இருக்கவுகளுக்குக் கேக்கல" என்றார். கூட்டம் சிரித்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு மாட்டினேன்.

அதற்குள் போனில் செய்திகள் குவிய ஆரம்பித்துவிட்டன. ‘போச்சு, சொல்லிட்டாரு.’ ‘இனி எதுக்குப் படிக்கணும்?’ ‘ஆர்டரை கேன்சல் பண்ணுங்க.’  மூன்றாவது நாவல் முடிந்தது, நாலாவதும் முடிந்தது, "நான் இருக்கேன்" என்று சொன்னவனே இரண்டையும் முடித்துவைத்தான் என்றுதான் தோன்றியது. அப்போது ஒரு குறுக்குப் புத்தி வந்தது. வாசகர் குழுவுக்கு அனுப்ப ஒரு செய்தி தட்டினேன்: ‘விழாவில் சொல்லப்பட்டது தவறு. சிறப்பு விருந்தினர் குழம்பிவிட்டார். உண்மையான கொலையாளி வேறு ஒருவர். படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.’

சொல்லப்போனால் நல்ல செய்திதான். ஆர்டர்கள் ரத்தாகாமல் இருந்திருக்கும். படித்து முடித்த பிறகு பாய் சொன்னது சரி என்று தெரிந்தாலும், அதற்குள் புத்தகம் விற்றிருக்கும். உங்களில் யாராவது அந்த இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்திருப்பீர்கள். இல்லை என்று சொல்லாதீர்கள்.

தண்ணீர் கொடுப்பது போல மேடை ஏறி, மேடத்திடம் போனைக் காட்டினேன். படித்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

"அழிங்கண்ணே" என்றார்.

"மேடம், நாலாவது புத்தகத்த நெனச்சுப் பாருங்க."

"நெனச்சுட்டுத்தான் சொல்றேன். கதைக்குள்ள ஏமாத்தத்தான் அவுக காசு குடுக்குறாக. கதைக்கு வெளிய ஏமாத்த இல்ல. அதோட, அழுதுட்டு உக்காந்துருக்க மனுசன நம்ம வேற குழம்பிட்டாருன்னு எழுதணுமா?"

அழித்தேன். அவருக்கு யோசிக்க அவகாசம் எவ்வளவு கிடைத்தது என்கிறீர்கள்? ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம். அதற்குள் வாசகரையும் பாயையும் நினைத்திருக்கிறார். நான் விற்பனையை மட்டும் நினைத்தேன். இத்தனை வருஷ அனுபவம் என்று இனி யாராவது என்னைப் புகழ்ந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நேரம் முன்வரிசையிலிருந்த யாரோ பாயின் காதில் ஆர்டர்கள் ரத்தாகிற விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள்.  மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "நான் என்ன காரியம் பண்ணிட்டேன், ஏம்மா" என்றார்.

மேடம் மைக் முன்னால் வந்தார். "பாய், நீங்க துரைப்பாண்டிக்காக அழுதீங்க. எழுதுனவளுக்கு அதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். பிறகு நேரலை ஓடிய போனைப் பார்த்துப் பேசினார். "பாய் சொன்னது உண்மை. கொன்னது துரைப்பாண்டிதான். அது யாருன்னு தெரிஞ்சுக்க மட்டும் ஆசைப்பட்டு ஆர்டர் போட்டவுக தாராளமாப் பணத்தத் திருப்பி வாங்கிக்கங்க, எனக்கு வருத்தமில்ல. மத்தவுக ஒரு அஞ்சு நிமிசம் குடுங்க. மொத அத்தியாயம் கொஞ்சம் படிக்கிறேன்."

பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று எழுத்தாளர் மேடையில் சொல்கிறார். முதலாளி நேரலை பார்க்கிறார். 

அவர் படித்தது எனக்கு மனப்பாடம்.

‘இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் வெரசாப் போப்பா."

துரைப்பாண்டி வேகத்தைக் கூட்டவில்லை. "மெதுவாவே போவோம் சார். செத்தவரு எங்கயும் போயிர மாட்டாரு."

அடுத்த வளைவில் ஜீப்பை ஓரம் கட்டினான். இறங்கிப் போய்ப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"என்னப்பா, எஞ்சின் சூடாயிருச்சா?"

"இல்ல சார். இந்த எடத்துக்கு வந்தா நின்னு பழகிருச்சு."’

 மூன்றாவது வரிசையில் ஓர் அம்மா, "இங்கதான் அந்தப் பிள்ளைக்கு உசுரு போயிருக்கு" என்று பக்கத்திலிருப்பவரிடம் மெல்லச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. மேடம் நிமிர்ந்து பார்க்காமல் தொடர்ந்து படித்தார். துரைப்பாண்டி டீ வாங்கிக் கொடுத்தான், கூட்டம் பதறியது. இன்ஸ்பெக்டர் "உனக்குப் பிள்ளைக உண்டா?" என்று கேட்டார், துரைப்பாண்டி கியரை மாற்றினான். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். முடிவு தெரியாமல் படிப்பவர் அந்த வரியைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார். தெரிந்தவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அந்த நாவலை மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தவன் நான். ஒற்றுப்பிழை தேடினேனே தவிர, இப்படி ஒரு எழுத்து என் கையில் இருக்கிறது என்று கண்டுகொள்ளவில்லை. அன்றைக்கு ஒரு மூலையில் நின்றுகொண்டு, ஆம்ப்ளிஃபயரில் கையை வைத்துக்கொண்டு, எனக்குக் கண் கலங்கியது. இவ்வளவு பெரிய எழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கொலையாளி பெயரைக் காப்பாற்றத்தான் இத்தனை பாடு பட்டோமா என்று இருந்தது.

விழா முடிந்ததும் சிலர் வாங்காமல் போனார்கள். பலர் வாங்கினார்கள். கட்டுகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்தபோது, மேடத்திடம் போய், "பாய்க்கு முழுப் பிரதி குடுத்தது நான்தான்" என்றேன்.

"தெரியும்ணே. மொட்டைப் பிரதி படிச்சவரு அந்த அழுகை அழ மாட்டாரு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

முதலாளி போனில் கூப்பிட்டார். "யாருங்க அவருக்கு முழுப் பிரதி குடுத்தது?"  பாய் கடையில் தினமும் பத்துப் பேர் வந்து போவார்கள், யாரோ கொடுத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மேடம் பக்கத்தில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரில் பொய் சொல்ல வெட்கமாக இருந்தது. "நான்தாங்க" என்றேன். "ஓய்வு வாங்கிக்கிட்டுப் போற நேரத்துல இதெல்லாம் உங்களுக்குத் தேவையாங்க?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். தவறு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் ஆனால் அதற்கு வட்டி ஏறும்.

அதற்குப் பிறகு ஏதோ அதிசயம் நடந்தது என்று கதைவிட மாட்டேன். ஆர்டர்கள் நிறையவே ரத்தாயின. முதல் இரண்டு மாதம் நான் தினமும் குடோன் வாசலில் நின்று, திரும்பி வருகிற கட்டு இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒன்றிரண்டு வந்தன. பிறகு நின்றுவிட்டது. அந்த ஐந்து நிமிஷ வாசிப்பை ஆட்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். முடிவு தெரிந்தே வாங்கினார்கள். படித்துவிட்டு இரண்டாம் தடவை படித்தோம் என்று எழுதினார்கள். மெதுவாகத்தான் போனது, ஆனால் போய்க்கொண்டே இருந்தது. ஆறாவது மாதம் முதலாளி என் மேசைக்கு வந்து, "அந்த நாலாவது எந்த மட்டுல இருக்குன்னு கேளுங்க" என்றார். அதைக் கேட்டதும் நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

பாய்தான் சரியாகவில்லை. விழா முடிந்த மறுநாளே கடை வாசலிலிருந்த புத்தக மேசையை எடுத்துவிட்டார். நான் போய்க் கேட்டதற்கு, "எனக்கு நாக்கு அடங்காது தம்பி. ஒரு பொம்பளையோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். நான் தைலம் விக்கிறேன், அது போதும்" என்றார். புத்தகம் நன்றாகப் போகிறது என்று எத்தனை சொல்லியும் நம்பவில்லை. தன்னை ஆறுதல்படுத்துகிறோம் என்றே நினைத்தார். படிப்பதையும் விட்டுவிட்டார் என்று அவர் மகன் சொன்னார்.

ஏற்கெனவே எழுதிய மூன்று அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மேடம் நாலாவதைப் புதிதாக ஆரம்பித்திருந்தார். நான் ஓய்வு பெறுகிற வாரம் முடித்தார். "முதலாளிக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி ஒருத்தருக்குக் குடுக்கணும், வாங்கண்ணே" என்று என்னையும் கூட்டிக்கொண்டு பஜாருக்குப் போனார்.

சீசன் நேரம், கடையில் கூட்டம். மேடத்தின் கையிலிருந்த கையெழுத்துப் பிரதிக் கட்டைப் பார்த்ததும் பாய் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம்மா. குடுத்தே ஆகணும்னா கடைசிப் பக்கத்தக் கிழிச்சுட்டுக் குடு."

"மொத வரிய மட்டும் படிங்க பாய். பெறகு வேணாம்னா எடுத்துட்டுப் போயிர்றேன்."

மனமில்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தார். ‘மாணிக்கத்தைக் கொன்றவள் அவனுடைய அக்கா ஈசுவரி, அன்று காலையும் அவனுக்கு இட்லி அவித்துக் கொடுத்தவள் அவள்தான்.’

நிமிர்ந்து பார்த்தார். "என்னம்மா இது, மொத வரியிலயே போட்டு ஒடச்சுட்ட?"

"ஆமா பாய். உங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். இனிமே நீங்க எந்த மேடையில வேணும்னாலும் பயப்படாமப் பேசலாம்."

  பாய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடுத்த வரிக்குப் போனார், அதற்கடுத்த வரிக்குப் போனார். பக்கத்தைத் திருப்பினார். தைலம் வாங்க வந்த ஒருவர் கையில் பாட்டிலை வைத்துக்கொண்டு, எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார்.

"பக்கத்துக் கடையில வாங்கிக்கங்க தம்பி" என்றார் பாய், தலையைத் தூக்காமல்.